மட்டாஞ்சேரி முற்றத்தில் நீர் வடிய வேண்டுமானால்...

ஜூன் பிறந்துவிட்டால் கொச்சியில் வாழும் நம்மவரிடையே ஒரே பேச்சுதான்: முற்றம் சேறாகிவிட்டது, புல் அழுகுகிறது, துணி காயவில்லை. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இங்கே சுமார் 3,000. அதில் பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டிவிடுகிறது.

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பிழைப்புப் பிரச்னை. கிளிப் இல்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியைச் செருகிக் காயவைப்பது அவர்கள் வழக்கம். தரையில் நீர் தேங்கினால் துணி காய நேரமாகும். சொன்ன நாளில் கொடுக்க முடியாது.

குமாஸ்தா வீட்டின் பத்தடி முற்றத்துக்கும் இதே கஷ்டம்தான். தேங்கிய அழுக்கு நீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகும். யானைக்கால் நோய்க்கு ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு காலத்தில் பெயர் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பலர் செய்வது இதுதான்: இரண்டு வண்டி மணல் வாங்கிக் களிமண்ணில் கொட்டிக் கிளறுவது. காசுக்குக் கேடு! கொஞ்சம் மணல் களிமண்ணுடன் சேர்ந்தால் வெயிலில் கல்லாக இறுகும். குழி வெட்டி ஜல்லி நிரப்புவதும் அப்படியே. சுற்றிலும் களிமண் இருக்கையில் அந்தக் குழி நீர் நிறைந்த வாளிதான்.

முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். மழை விட்ட ஒரு நாளில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். தண்ணீர் தானாகவே ஊறி வருகிறதா? காயலில் ஏற்றம் வரும்போது மட்டம் உயர்கிறதா? அப்படியானால் குற்றம் களிமண்ணுடையது அல்ல. நிலத்தடி நீர் மேலே நிற்கிறது. கொச்சியில் கடல் மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அந்த இடத்தில் ஓடை வெட்டினால் காயல் நீர்தான் உள்ளே வரும். தரையை உயர்த்துவதே வழி. வைப்பின் பக்கத்துப் பொக்காளி வயல்களில் விவசாயிகள் மண்ணைக் குவித்து மேடாக்கி, மழை உப்பைக் கழுவிய பின் மேட்டின்மேல் விதைப்பார்கள். அதே யுக்திதான் இதுவும்.

குழி வறண்டிருந்தால், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் அப்படியே நின்றால் களிமண்தான் காரணம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுங்கள். சரிவின் கடைசியில் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, பொதுச் சாக்கடை வரை கொண்டு செல்லுங்கள். அண்டை வீட்டுப் பக்கம் திருப்பினால் சண்டைதான் மிஞ்சும்! கோடையில் மட்கிய இலையும் சாணமும் ஆண்டுதோறும் கலந்தால் களிமண் மெல்லப் பொலபொலக்கும். அருகம்புல் ஓரளவு உப்பையும் தாங்கும்.

ஈரமாக இருக்கும்போது அதன்மேல் நடக்காதீர்கள். துணிக்கொடிக்குப் போக நாலு செங்கல் போட்டுக்கொள்ளலாம். வாடகை வீடாயின், மண் அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளப் பேசுங்கள்.