பி.எச்.பி-யில் மரபுரிமையாக வந்த நிலைப் பண்பை மேலெழுதல்

பி.எச்.பி நிரல்மொழியில் ஸ்டேட்டிக் என்ற சிறப்புச்சொல்லுடன் அறிவிக்கப்படும் பண்பு நிலைப் பண்பு எனப்படும். அது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இராமல் வகுப்புக்கே உரியதாக இருக்கும். தாய் வகுப்பில் உள்ள நிலைப் பண்பைச் சேய் வகுப்பு அதே பெயரில் மீண்டும் அறிவிப்பதே மேலெழுதல் ஆகும். அவ்வாறு அறிவிக்காவிட்டால் சேய் வகுப்புக்குத் தனி நகல் கிடைப்பதில்லை. தாயும் சேயும் ஒரே மதிப்பையே பகிர்ந்துகொள்ளும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கடையின் சீட்டுகளுக்கு வரிசை எண் இடும் நிரலைக் கொள்வோம். சீட்டு என்பது தாய் வகுப்பு. விற்பனைச்சீட்டு, திருப்புச்சீட்டு ஆகியன சேய் வகுப்புகள். (பி.எச்.பி-யில் வகுப்புகளுக்கும் மாறிகளுக்கும் தமிழ் எழுத்துகளிலேயே பெயரிடலாம்.) தாய் வகுப்பில் 'எண்' என்ற நிலைப் பண்பு 0 என்ற மதிப்புடன் தொடங்குகிறது. அங்கேயே உள்ள 'அடுத்தது' என்ற நிலைச் செயற்கூறு, செல்ஃப் வழியாக அப்பண்பில் ஒன்றைக் கூட்டித் திருப்பித் தருகிறது. விற்பனைச்சீட்டின் வழியாக அதை இருமுறையும், பின் திருப்புச்சீட்டின் வழியாக ஒருமுறையும் அழைத்தால் 1, 2, 3 என்று எண்கள் வரும். முதல் திருப்புச்சீட்டே 3 என்ற எண்ணைப் பெறுகிறது. முந்தைய இரண்டும் எங்கே என்று கணக்கைச் சரிபார்ப்பவர் கேட்பார்.

இரு சேய் வகுப்புகளிலும் 'எண்' பண்பை மீண்டும் அறிவித்தாலும் விடை மாறாது, பிழைச்செய்தியும் வராது. செல்ஃப் என்பது, செயற்கூறு எந்த வகுப்பில் எழுதப்பட்டதோ அந்த வகுப்பையே குறிக்கும். எனவே தாயின் எண்ணே கூடிக்கொண்டிருக்கும். சேய்களின் புதிய பண்புகள் 0-இலேயே கிடக்கும். செல்ஃப் இருந்த இடத்தில் ஸ்டேட்டிக் என்று எழுதினால், எந்த வகுப்பின் வழியாக அழைக்கப்பட்டதோ அதன் பண்பு தேர்ந்தெடுக்கப்படும். அப்போது விற்பனைச்சீட்டுக்கு 1, 2 என்றும் திருப்புச்சீட்டுக்கு 1 என்றும் கிடைக்கும். 2009-இல் வெளியான 5.3 பதிப்பில் வந்த இவ்வசதி பிந்தைய நிலைப் பிணைப்பு எனப்படுகிறது. பண்பை அறிவிப்பதற்கும் அழைத்த வகுப்பைச் சுட்டுவதற்கும் ஒரே சொல் பயன்படுவது புதிதாகக் கற்பவரைத் தடுமாறச் செய்கிறது.

மேலெழுதலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நிலைப் பண்பைச் சாதாரணப் பண்பாக மாற்ற முடியாது. பொதுவான பண்பின் அணுகலைக் குறுக்கவும் முடியாது. 7.4 பதிப்பு முதல் பண்புகளுக்குத் தரவு வகை குறிக்கலாம். குறித்திருந்தால் சேயிலும் அதே வகை இருக்க வேண்டும். சேய் தன் பண்பைப் பிரைவேட் என்று அறிவித்தால், தாயின் செயற்கூறு ஸ்டேட்டிக் வழியாக அதைத் தொடும்போது நிரல் பிழையுடன் நின்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை எஞ்சுகிறது. பின்னர் கடன்சீட்டு என்ற வகுப்பைச் சேர்ப்பவர் பண்பை மீண்டும் அறிவிக்க மறந்தால், அது சத்தமின்றித் தாயின் எண்ணுக்கே போய்விடும். நிலைப் பண்பை அறிவித்தே தீர வேண்டும் என்று சேய் வகுப்பைக் கட்டாயப்படுத்த மொழியில் வழியில்லை. ஆகவே, வகுப்புகள் பெருகும் நிரலில் மேலெழுதலைத் தவிர்ப்பதே நல்லது. தாயிலேயே ஓர் அணியை நிலைப் பண்பாக வைத்து, அழைத்த வகுப்பின் பெயரைத் திறவுகோலாகக் கொண்டு ஒவ்வொன்றின் எண்ணையும் அதில் சேமிக்கலாம். அணியை அணுகச் செல்ஃப், திறவுகோலைப் பெற ஸ்டேட்டிக் என இரண்டும் இங்கே தேவைப்படும்.

செயற்கூற்றுக்குள் நிலை மாறியை வைத்து இதே பயனைப் பெற்ற பழைய நிரல்கள் 2021-இல் வந்த 8.1 பதிப்பில் பிசகின. அதற்கு முன், செயற்கூற்றை மரபுரிமையாகப் பெறும் ஒவ்வொரு சேய்க்கும் அம்மாறியின் தனி நகல் இருந்தது. இப்போது அதுவும் தாயுடன் பகிரப்படுகிறது. வழக்கமான வலைத்தள அமைப்பில் நிலைப் பண்பின் மதிப்பு ஒரு கோரிக்கை முடியும் வரையே நிலைக்கும் என்பதால், உண்மையான கடையில் கடைசி எண்ணைத் தரவுத்தளத்தில்தான் வைக்க வேண்டும்.