‘டாம்ப்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘டாம்ப்’ என்றொரு பெயரடை உண்டு. மாணவர் பலர் அதனை ‘ஈரமான’ என்று பெயர்த்துவிட்டு அமைதி அடைகின்றனர். அது எல்லா இடத்திற்கும் பொருந்துமா என்று சற்றே ஆராய்வோம்.

நீர் சொட்டும் துணி ‘வெற்’. பிழிந்து உலர்த்தியும் முற்றக் காயாத துணி ‘டாம்ப்’. ஆயின், வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. விரும்பத்தக்க ஈரத்தைப் பெரும்பாலும் ‘மொயிஸ்ற்’ என்பர். விரும்பாத ஈரமே ‘டாம்ப்’. விதை முளைக்க உதவும் மண்ணின் ஈரம் முன்னது. தலவிலக் கரையிலே, மாரிக்காலத்தில் கருவாட்டில் தங்கிப் பூஞ்சணம் படரச் செய்யும் ஈரம் பின்னது.

இச்சொல் முதலில் ஆவியை, சிறப்பாக நச்சாவியைக் குறித்த பெயர்ச்சொல்லாகும். நிலக்கரிச் சுரங்கங்களில் தீப்பற்றி வெடிக்கும் வாயுவுக்கு இன்றும் ‘பயர்டாம்ப்’ என்றே பெயர். அவ்வாபத்தைத் தடுக்கவே சேர் ஹம்ப்ரி டேவி 1815ஆம் ஆண்டில் காப்பு விளக்கை அமைத்தார். அச்சொல்லே வினையாகி, ஊக்கத்தைக் குன்றச் செய்தலையும் உணர்த்தலாயிற்று.

தமிழிலோ ஈரம் அன்பைக் குறிக்கும். ‘நெஞ்சில் ஈரமுள்ளவர்’ என்பது பெரும் புகழ்ச்சி. ஆகவே, உற்சாகம் குன்றியதைச் சொல்லுமிடத்தில் ‘ஈரமான’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். சுவராயின் ‘ஓதமேறிய’ என்க. பட்டாசாயின் ‘நமுத்த’ என்க. துணியாயின் ‘ஈரம் உலராத’ என்க. உள்ளமாயின் ‘சோர்ந்த’ என்க. அகராதி ஒரு சொல்லைத் தரும். இடமறிந்து வேறு சொல் தேர்வது எழுதுவோர் கடன்.