விரல் நீளச் சுருளில் ஒரு கிலோமீட்டர் செம்பு

இளையராஜா பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ் கிட்டாருக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு. அவருக்கு வாசித்த சசிதரனையும், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் கேட்டு வளர்ந்தவர்கள், பழைய பேஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் சத்தம் சோகையாக வரும். 'பிக்கப் போச்சு, புதுசு மாத்திடுங்க' என்பார்கள் கடையில். மாற்றலாம்தான். அதற்குமுன் பிக்கப் என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பிக்கப் என்பது மைக் அல்ல. அதன்முன் பாடினால் அதற்குக் கேட்காது. உள்ளே இருக்கும் காந்தம், மேலே போகும் எஃகுக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. கம்பியை மீட்டினால் காந்தப்புலம் ஆடும். காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டது இதைத்தான். எஃகுக்குப் பதில் தம்புராவின் பித்தளைத் தந்தியைக் கட்டினால் பிக்கப் ஏறக்குறைய ஊமை.

சத்தம் குறைந்ததும் பலரும் பழி போடுவது காந்தத்தின்மேல். பாவம், அது தானாகச் சோர்ந்துபோவது அபூர்வம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம், வேறொரு பலமான காந்தத்தின் பக்கம் போகாதவரை பல பத்தாண்டுகள் தாங்கும். சிக்கல் பெரும்பாலும் சுருளில்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் வரை மோட்டார் காயில் கட்டும் கடைகளில் புழங்குவதும் இதே எனாமல் பூசிய செம்புக் கம்பிதான். ஆனால் பிக்கப்பில் சுற்றும் 42 கேஜ் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஜாஸ் பேஸ் என்ற பேஸ் மாடலின் ஒரு பிக்கப்பின் மின்தடை சுமார் 7,500 ஓம். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! அதைப் பிரித்து, காட்டுப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு முனையைக் கட்டிவிட்டு ஐயப்பன்தாங்கல் பக்கம் பதினைந்து நிமிடம் நடக்கலாம்.

பழைய பிக்கப்புகள் பலவற்றில் இந்தக் கம்பியை நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காந்தம் துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும். கம்பி எங்காவது அறுந்தால் மல்டிமீட்டர் 'ஓபன்' காட்டிவிடும். எனாமல் உரிந்து பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால்தான் தொல்லை. மின்தடை கொஞ்சம்தான் குறையும். ஆனால் ஷார்ட்டான சுற்றுகளில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தின் ஆட்டத்தையே எதிர்த்து நிற்கும். ஒலி மெலிந்து மழுங்கிவிடும். மின்தடையை அளக்கும் நாளையும் கவனிக்க வேண்டும். 20 டிகிரியில் 7,500 ஓம் காட்டும் சுருள், மே மாதத்து 38 டிகிரியில் 8,000-ஐத் தாண்டும். வெயிலில் அளந்துவிட்டு 'பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஏமாறுவதும் நடக்கும்.

எனவே கழற்றுமுன் எளிதானவற்றைப் பாருங்கள். பிக்கப் கம்பிகளைவிட்டு மிகவும் கீழே இறங்கியிருக்கலாம். ஸ்க்ரூவைத் திருகி உயர்த்தினாலே சத்தம் கூடும். வால்யூம் கண்ட்ரோலில் அழுக்கு, ஜாக்கில் விட்டுப்போன சால்டர், துருவேறிய கம்பிகள் எல்லாமே பிக்கப்பின் பெயரைக் கெடுக்கக்கூடியவை.

மாற்றுவதென்று முடிவானால் இரண்டு விஷயம். இரண்டு பிக்கப் உள்ள பேஸில் புதியது தலைகீழாக இணைந்தால், இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். மூக்கால் பேசுகிற ஒலிதான் மிஞ்சும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிச் சால்டர் வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. பேஸின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலை வடிகட்டப் போனால் அந்த ஸ்வரமும் சேர்ந்து போய்விடும். லியோ ஃபெண்டரின் கிட்டார் கம்பெனி 1957-ல் இதற்கு வழி கண்டது. தங்கள் பிரிசிஷன் பேஸ் மாடலின் பிக்கப்பை இரண்டாக வெட்டி, சுருளையும் காந்தத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து அழிந்துபோகும்; கம்பியின் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை மலிவாக இத்தனை கெட்டிக்காரத்தனத்தை நான் வேறெதிலும் அதிகம் பார்த்ததில்லை.

கழற்றிய பழைய பிக்கப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல சமயம் மெல்லிய கம்பி வெளி ஒயரோடு சேரும் ஓரத்தில்தான் அறுந்திருக்கும்; பொறுமையான கை சால்டர் வைத்தே பிழைக்க வைத்துவிடும். அதுவும் முடியாவிட்டால், அதே காந்தத்தின்மேல் புதுக் கம்பி சுற்றலாம். பழைய வாத்தியத்துக்கு அசல் பாகம் உடன் இருந்தால்தான் விலை. ஒரு கவரில் போட்டு, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.