சீன வைத்தியர் கற்கும் கல்வி



நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலுள்ள சிறு பட்டணங்களில் பெரும்பாலும் ஒரு சீன மருந்துக்கடை இருக்கும். உள்ளே நுழைந்ததும் வேரும் பட்டையும் கலந்த மணம் வீசும். சுவர் நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒரு மூலையில் மேசை. மேசைமேல் மணிக்கட்டை வைப்பதற்கென்று ஒரு சிறு திண்டு. அதற்குப் பின்னால் சின்சே உட்கார்ந்திருப்பார்.

பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை, பெரியவருக்கு இடுப்பு வலி தீரவில்லை என்றால், "சின்சேயிடம் ஒரு நடை போய்ப் பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டு அக்காள் சொல்வார். நாமும் போகிறோம். சின்சே நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நாலைந்து கேள்விகள் கேட்கிறார். சீட்டில் ஏதோ எழுதுகிறார். கடைக்காரர் இழுப்பறைகளைத் திறந்து, சிறு தராசில் நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். அந்தப் பொட்டலம்தான் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த மாதம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருமல் வந்தால், "எங்களிடம் ஒரு பொட்டலம் மிச்சம் இருக்கிறது, கொண்டு போங்கள்" என்று கொடுக்கவும் செய்கிறோம்.

நல்ல மனத்தோடு செய்யும் காரியம்தான். ஆனால் ஆபத்தான காரியம். ஏன் ஆபத்து என்பது, அந்த வைத்தியர் என்ன கற்கிறார், எப்படிக் கற்கிறார் என்று தெரிந்துகொண்டால் தானே விளங்கும். அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. அது "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்று இருந்து பின்னர் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆயிரம் வேர்களைப் பிடுங்கி, ஆராய்ந்து, அறிந்தவன்கூட அரை வைத்தியன்தான் என்பது பொருள். அப்படியானால் மற்றப் பாதி என்ன? சீன வைத்தியக் கல்வி முழுவதும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் என்று சொல்லலாம்.

முதலில் நூல்களைப் பார்ப்போம். சீன வைத்தியத்தின் மூலநூல் ஹுவாங்தி நெய்ஜிங் என்பது. மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையது. இரண்டு பகுதிகள், பகுதிக்கு 81 அத்தியாயங்கள். பேரரசர் கேட்கிறார், சி போ என்னும் அறிஞர் விடை சொல்கிறார். நாட்டை ஆளும் அரசர் மாணவராக அமர்ந்து ஐயம் கேட்பதுபோல் நூல் அமைந்திருக்கிறது. பருவகாலம், உணவு, உறக்கம், உழைப்பு, கவலை ஆகியவை உடலை எப்படிப் பாதிக்கின்றன என்று அது பேசுகிறது.

இரண்டாவது நூலுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஹான் அரசமரபின் கடைசிக் காலத்தில் வாழ்ந்தவர் சாங் சோங்ஜிங் என்னும் வைத்தியர். அவருடைய குடும்பம் பெரியது. இருநூறு பேருக்கும் மேல். 196ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டு முடிவதற்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டு போனார்கள். மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது காய்ச்சல். இதை அவரே தம் நூலின் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அக்கால வைத்தியர்கள் நோயாளியை அரைகுறையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த நிமிடத்திலேயே மருந்து சொல்லிவிடுகிறார்கள் என்று அதே முன்னுரையில் வருந்தவும் செய்கிறார். அழுதுகொண்டு உட்கார்ந்துவிடாமல், பழைய நூல்களைத் தேடிப் படித்து, காய்ச்சல் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் இன்று ஷாங்ஹான் லுன் என்று வழங்குகிறது. சீன வைத்தியம் பயில்வோர் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பலர் மனப்பாடமே செய்கிறார்கள்.

அந்த நூல் என்ன கற்றுத் தருகிறது? நமக்குப் பழக்கமான காட்சி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ஒரே வரிசை வீடுகளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தலைவலி. இருவருக்கும் குளிர். நம் கண்ணுக்கு ஒரே நோய். ஆனால் வைத்தியர் ஒரு கேள்வி கேட்பார்: "வியர்க்கிறதா?" ஒருவருக்குத் தானாகவே வியர்வை கசிகிறது, நாடி தளர்ந்து ஓடுகிறது. மற்றவருக்கு ஒரு துளி வியர்வை இல்லை, உடம்பெல்லாம் வலி, நாடி முறுக்கிய கயிறுபோல் இறுகி இருக்கிறது. ஷாங்ஹான் லுன் இந்த இருவருக்கும் வெவ்வேறு கஷாயம் சொல்கிறது. முதலாமவருக்கு மென்மையான கஷாயம். இரண்டாமவருக்கு மாஹுவாங் என்னும் செடி சேர்ந்த கடுமையான கஷாயம். அது வியர்வையை வலிய வரவழைக்கும், நெஞ்சுத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். ஏற்கெனவே வியர்த்துக் களைத்தவருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள். மிச்சப் பொட்டலத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அந்த மென்மையான கஷாயத்தில் ஐந்தே சரக்குகள். கறுவாப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, பியோனி என்னும் பூச்செடியின் வேர், அதிமதுரம், இஞ்சி, சிவந்த இலந்தைப் பழ வற்றல். பாதிக்கு மேல் நமக்கும் தெரிந்தவைதாம். ஆனால் சரக்கைச் சொன்னதோடு நூல் நிற்கவில்லை. ஏழு பங்கு தண்ணீரைச் சிறு தீயில் மூன்று பங்காக வற்றக் காய்ச்ச வேண்டும். அதில் ஒரு பங்கு குடிக்க வேண்டும். சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடித்து, போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பு இலேசாக நனையும் அளவு வியர்த்தால் போதும். நீர்போல் ஓட விடக் கூடாது. முதல் வேளையிலேயே குணம் தெரிந்தால் மீதியைக் குடிக்காமல் நிறுத்திவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்று அறிந்திருப்பதும் வைத்தியம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, வேர்களைப் பற்றிய அறிவு. லி ஷிஜென் என்பவர் 27 ஆண்டுகள் உழைத்து, 1578ஆம் ஆண்டில் ஒரு பெரிய மருந்துப்பொருள் நூலை முடித்தார். அதில் 1,892 பொருள்களைப் பற்றிய விவரம் இருக்கிறது. பழைய நூல்களில் ஒரு பெயரில் இரண்டு செடிகளும், இரண்டு பெயரில் ஒரு செடியும் கலந்து கிடந்ததைக் கண்டுதான் அவர் அந்த வேலையில் இறங்கினார்.

பெயர் மாறினால் என்ன பெரிய கேடு என்று கேட்பீர்கள். பெல்ஜியம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கிளினிக்கில், உடல் மெலிவதற்காகப் பெண்கள் சிலருக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரைகள் கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய வேர் ஃபாங்ஜி. அதற்குப் பதிலாகச் சேர்ந்துவிட்டது குவாங் ஃபாங்ஜி என்னும் வேறொரு செடியின் வேர். பெயர் ஏறக்குறைய ஒன்று, குணம் நஞ்சு. பல பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. இன்னொரு வேர் ஃபூசி. பக்குவம் செய்து, நீண்ட நேரம் வேகவைத்தால்தான் அதன் நஞ்சு குறையும். அவசரமாகக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டால் அது நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடலாம். பச்சிலை, வேர் என்றால் தீங்கே செய்யாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, கைப்பழக்கம். நாடியைப் பற்றிய பாடங்களைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்வார்கள். லி ஷிஜெனே 27 வகை நாடிகளை விவரித்து அப்படியொரு நூல் எழுதினார். ஆனால் செய்யுள் வாயில் இருந்தால் போதுமா? மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, மெல்லத் தொட்டும் அழுத்தியும் பார்த்து, ஆசிரியர் சொல்வது தன் விரலுக்கும் தெரியும்வரை மாணவன் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு வருடக்கணக்காகும். அதோடு, நாடி நான்கில் ஒன்றுதான். முகத்தையும் நாக்கையும் பார்ப்பது, குரலையும் மூச்சையும் கேட்டு வாடையை முகர்வது, விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் சோதனை முழுமை பெறும்.

ஊசி குத்தும் வைத்தியத்துக்கு ஒரு விசித்திரமான பரீட்சை இருந்ததாம். 1027ஆம் ஆண்டில் வாங் வெய்யி என்பவரின் மேற்பார்வையில் ஆளுயர வெண்கலச் சிலைகள் இரண்டு செய்தார்கள். ஊசி குத்த வேண்டிய இடங்களில் எல்லாம் சிறு துளைகள். பரீட்சை நாளில் சிலைமேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே தண்ணீர் நிரப்புவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வரும். தவறினால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். தவறு செய்வதானால் அதை வெண்கலத்தின் மேல் செய்யட்டும், மனித உடம்பின் மேல் வேண்டாம் என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள்.

நான்காவது, மனம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் தம் நூலுக்கு ஆயிரம் பொன் என்ற பொருள்படப் பெயர் வைத்தார். ஓர் உயிர் ஆயிரம் பொன்னைவிட மேலானது என்பது அவர் கருத்து. ஏழை பணக்காரர், உற்றார் அயலார் என்று பாராமல் எல்லாரையும் சொந்த உறவுபோல் பார்ப்பவனே வைத்தியன் என்றார். இந்தக் கொள்கை ஏட்டோடு நிற்கவில்லை. சிங்கப்பூரில் 1867ஆம் ஆண்டில் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனமும் மதமும் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்து மருந்தும் கொடுத்து வந்திருக்கிறது.

இப்போது மற்றப் பாதி எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வேரை அறிவது ஒரு பாதி. எதிரே இருக்கும் மனிதரை அறிவது மறு பாதி.

இந்தக் கல்வி இன்று கல்லூரிக்குள் வந்துவிட்டது. சீனாவில் 1956ஆம் ஆண்டில் பெய்ஜிங், ஷங்ஹாய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன வைத்தியக் கல்லூரிகள் தொடங்கின. இப்போது மலேசியாவிலும் பட்டப்படிப்பு உண்டு. பழைய நூல்களோடு உடற்கூறு, நவீன நோயியல் ஆகியவற்றையும் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலேயே 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இயங்குகிறது.

பழைய நூலும் புதிய அறிவும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு து யூயூ அம்மையார் சாட்சி. ரப்பர்த் தோட்டங்கள் திறக்கப்பட்ட காலத்தில் நம் முன்னோர் பலரைப் பலிகொண்டது மலேரியாக் காய்ச்சல் அல்லவா? அதற்கு மருந்து தேடியவர் அவர். நவீன மருந்தியல் படித்தவர். பிறகு சீன வைத்தியத்தையும் இரண்டரை ஆண்டுகள் பயின்றவர். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலில், சிங்ஹாவ் என்னும் செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடிக்கும்படி இருந்தது. ஏன் காய்ச்சச் சொல்லவில்லை என்று அம்மையார் யோசித்தார். சூட்டில் மருந்து கெட்டுவிடுகிறதோ என்று எண்ணி, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். 1971ஆம் ஆண்டில் வெற்றி கிடைத்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே உட்கொண்டு பார்த்தார். 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக அவர் அப்படியே நம்பிவிடவில்லை. பழசு என்று ஒதுக்கிவிடவும் இல்லை. சோதித்துப் பார்த்தார். நாமும் கைக்கொள்ள வேண்டிய வழி இதுவே.

ஆகவே நேயர்களே, சில செய்திகளை மனத்தில் வையுங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் முதலில் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். டெங்கியையும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலையும் நாடி பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு யார் சொன்னாலும் கேட்காமல் வேர்க் கஷாயம் எதுவும் புகட்டாதீர்கள். ஹுவாங்லியன் என்னும் கசப்பு வேர், ஜி-6-பி-டி குறைபாடுள்ள சிசுக்களின் மஞ்சட்காமாலையைக் கடுமையாக்குகிறது என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978இல் அதைத் தடை செய்தது. அந்தத் தடை 2013இல் தளர்த்தப்பட்டாலும் எச்சரிக்கை இன்றும் தேவை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சின்சேயிடம் சொல்லுங்கள். சின்சே தந்த மருந்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ஏசுவாரோ என்று மறைக்க வேண்டாம். டப்பாவில் அடைத்த மருந்தானால், எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கும் 2016ஆம் ஆண்டில் சட்டம் வந்திருக்கிறது. "நீங்கள் எங்கே படித்தீர்கள், பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று பணிவோடு கேளுங்கள். முறையாகக் கற்றவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்த முறை அந்த மேசை முன் உட்காரும்போது, கையை நீட்டுவதோடு நிறுத்தாமல் வாயையும் திறந்து உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கற்ற கல்வி உங்கள் உடம்பைப் படிப்பதற்குத்தான். மிச்சப் பொட்டலம் இருந்தால், தயவுசெய்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.