நாலு கம்பிக்காரரைக் காணோம்

திருச்சியில் அடுத்த முறை கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கீபோர்டு இருக்கும், வசதியான பார்ட்டி என்றால் இரண்டாகக்கூட இருக்கும். ரிதம் பேட் இருக்கும். தபேலாவோ டோலக்கோ இருக்கலாம். பாடகர்கள் மூன்று நான்கு பேர், மூலையில் ஒரு லேப்டாப். டிரம்ஸுக்குப் பக்கத்தில், நீளக் கழுத்துள்ள கிட்டாரை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஒருவர் நிற்பாரே, அவரைத்தான் காணோம்.

காணோம் என்று யாரும் கேட்கவும் இல்லை. பாடகி வரவில்லை என்றால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தபேலா இல்லை என்றால் முன்வரிசை மாமா முகம் சுளிப்பார். பேஸ் கிட்டார் இல்லாவிட்டால், 'இன்னிக்குப் பாட்டு ஏதோ சப்புனு இருக்கே' என்று தோன்றும். ஏன் என்று தெரியாமலே பந்திக்குப் போய்விடுவார்கள்.

மெல்லிசைக் குழுவின் காலண்டர் நம் காலண்டர் மாதிரி இல்லை. முகூர்த்த மாதங்களில் மண்டபம் மண்டபமாக ஓட்டம். ஆடியில் கல்யாணம் கிடையாது. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, ராத்திரி கச்சேரி. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சித்திரைத் தேர் வரை சுற்றுவட்டாரத்தில் வேலை உண்டு. மார்கழியில் ஸ்ரீரங்கம் பகல்பத்து, ராப்பத்து என்று வேறு உலகத்தில் இருக்கும். குழுக்காரர்கள் மேலப்புதூர், பாலக்கரை, பொன்மலை என்று கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளைத் தேடுவார்கள். நடுவில் மணப்பாறை, முசிறி, துறையூர் என்று வேன் பயணம். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டும் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால், ஆள் உயர டபுள் பேஸை வேன் கூரையில் கட்டிக்கொண்டு துறையூருக்குப் போயிருக்க வேண்டும்.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இந்த மேடைகளில் ஜனம் விரும்பிக் கேட்பது எண்பதுகளின் இளையராஜாவை. சீட்டில் எழுதி அனுப்புவது அந்தப் பாடல்களைத்தான். பேஸ் கிட்டார் இல்லாமல் பாடவே கூடாத பாடல்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் முக்கால்வாசி அவருடையவை. அதற்கு முன்னால் நம் சினிமாப் பாட்டில் பேஸுக்குப் பெரும்பாலும் தாளத்துக்குக் காவல் நிற்கிற வேலை. இளையராஜா அதைப் பாட்டின் இன்னொரு குரலாக்கினார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதிக் கொடுக்கிறவர் அவர், பேஸுக்கும் அப்படித்தான். அந்த ஒலிப்பதிவுகள் பலவற்றில் பேஸ் வாசித்த சசிதரனின் முகம் நமக்குத் தெரியாது, அவர் விரல்களைக் காதுக்குத் தெரியும்.

'மௌன ராகம்' 1986-ல் வந்தது. அதில் 'மன்றம் வந்த' பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள். மேலே மெட்டு ஒரு வழியில் போக, பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கிற இடங்களில்தான் அந்தப் பாட்டின் உயிர். வரிகளை எழுதிய வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அவர் வளர்ந்த ஊரின் மண்டபத்திலேயே அந்தப் பாட்டு அடித்தளம் இல்லாமல் அரைகுறையாக ஒலிக்கிறது. ஸ்ரீரங்கத்தில் காது தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சுருதி ஒரு மயிரிழை விலகினால் திரும்பிப் பார்ப்பார்கள். கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் இல்லாமல் வலந்தலையை மட்டும் தட்டும் மிருதங்கத்தை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா? ரிசப்ஷனில் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசித்துவிடலாமே என்பார்கள். வாசிக்கலாம், வாசிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கைக்கு அதே நேரத்தில் கார்டு பிடிக்கிற வேலை, டோன் மாற்றுகிற வேலை எல்லாம் இருக்கிறது. எதை விடலாம் என்று வரும்போது முதலில் விடுபடுவது அடியில் ஓடும் ஓட்டம்தான். ஒற்றைச் சுரத்தை அழுத்திப் பிடித்து ஒப்பேற்றிவிடுவார்கள்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல். கிரானைட் தரையும் வழவழச் சுவருமாகக் கட்டிய மண்டபத்துக்குள் அதை அப்படியே விட்டால், 'கும்' என்று மண்டபம் முழுக்கத் தேங்கி, பாட்டின் வரிகளை விழுங்கிவிடும். நல்ல பேஸ்காரர் ஹாலுக்குள் நுழைந்து கையைத் தட்டிப் பார்த்தே எவ்வளவு குறுக்கி வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்வார். உள்ளங்கையைக் கம்பிமேல் லேசாக வைத்து சுரத்தை வெட்டி வெட்டி விடுவார். டிரம்மரின் கிக்கோடு ஒரே மூச்சாகச் சேர்வார். இதையெல்லாம் அவர் செய்ததாகவே யாருக்கும் தெரியாது. பாடகருக்கு மட்டும் அன்றைக்குப் பாடச் சுகமாக இருக்கும்.

கட்டைப் பிரச்னை வேறு. ஒரிஜினலில் எஸ்.பி.பி. எட்டிய இடத்தை உள்ளூர்ப் பாடகரால் எட்ட முடியாத ராத்திரி உண்டு. "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்று மைக்கை மூடிக்கொண்டு சொல்வார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை அமுக்கினால் ஆயிற்று. பேஸ்காரருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. திறந்த கம்பியில் சுலபமாக விழுந்த சுரங்கள் எல்லாம் இடம்மாறும். மொத்தப் பாட்டையும் வேறு விரல்களில், அந்த நிமிஷத்திலேயே, யோசிக்காமல் வாசிக்க வேண்டும்.

லேப்டாப் ட்ராக்கோ இன்னும் மோசம். ரிசப்ஷன் என்றால் எதுவும் குறித்த நேரத்தில் நடக்காது. மணமக்கள் மேடைக்கு வரும்போது செருப்பு வார் அறுந்துபோகும், போட்டோகிராபர் இன்னொருமுறை நடக்கச் சொல்வார். ஆட்கள் வாசித்தால் லீடர் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார், அந்த பிட் இன்னொரு சுற்று ஓடும். பாட்டுக்கடையில் வாங்கிய ட்ராக் அது பாட்டுக்கு ஓடி முடியும். அப்புறம் மணமக்கள் மௌனத்தில் நடப்பார்கள்.

ஆளுக்காக வாத்தியம் நிற்பது திருச்சிக்குப் பழைய பழக்கம். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-ல் இங்கே தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவில்தான் சிறுவன் தியாகராஜ பாகவதர் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் நடிகரின் கண்ணைப் பார்த்தே வாசிப்பார். புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ஆல்ரவுண்ட் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். வசனத்துக்கு ஏற்ப சத்தம் போடுவது அவர் வேலை. பபூன் சிரிப்பை நீட்டினால் அவரும் நீட்டுவார். பேஸ் கிட்டார் அங்கே கிடையாது, ஆனால் காதைத் திறந்து வைத்து நடிகருக்குப் பின்னால் போகிற கலை அதேதான். மேல்நாட்டு இசை நாடகங்களில் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டி வாத்தியக்காரர்களை உட்கார வைப்பார்கள். அங்கே பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் டபுள் பேஸும் எலெக்ட்ரிக்கும் இரண்டும் அறிந்தவராக இருக்க வேண்டும்.

அங்கேயும் ஆள் குறைப்புதான். 2003 மார்ச்சில் நியூயார்க் பிராட்வே வாத்தியக்காரர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு அரங்குக்குக் குறைந்தது இத்தனை பேர் என்ற கணக்கைத் தயாரிப்பாளர்கள் வெட்டப் பார்த்தார்கள்; கம்ப்யூட்டர் வாத்தியத்தை வைத்து நாடகத்தை நடத்திவிடுவோம் என்றும் மிரட்டல் இருந்தது. பெரிய அரங்குகளில் 24-லிருந்து 26 வரை இருந்த கணக்கு 18, 19 என்று இறங்கி சமாதானமானது. குறைந்தாலும் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கேட்க ஒரு சங்கமும் இருக்கிறது. நம் மண்டபத்தில் பேஸ்காரருக்கு, 'இந்த தடவை ட்ராக்லயே பாத்துக்கறோம்ணே' என்று ஒரு போன் வந்தால் அத்தோடு சரி.

குழு நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பார்ட்டி தருகிற தொகையில் சவுண்ட் சர்வீஸ், வேன், சாப்பாடு போக மிஞ்சுவதைத்தான் பங்கு போட வேண்டும். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் 50 பேரோடு முடிந்தபோது பட்ட அடி இன்னும் ஆறவில்லை என்பார்கள். சரி.

ஆனால் வாத்தியக்காரர்களின் வருமானத்தைவிட என்னைக் குடைவது கேட்பவர்களின் காதுதான். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த 41 அதிர்வுகள் வெளியே வருவதே இல்லை. மேலே உள்ள ஒலிகளை வைத்துக் கீழே இருப்பதை மூளை ஒருமாதிரி ஊகித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு கேட்பது அதில்தான். அது போதாதென்று டி.ஜே. செட். நெஞ்செலும்பை உலுக்குகிற அந்த அடியைத்தான் பலரும் இப்போது பேஸ் என்கிறார்கள். ஒரே இடத்தில் இடிப்பது அது. நகர்வதில்லை, பாட்டுக்குப் பதில் சொல்வதில்லை. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000-ஆம் ஆண்டு விதியை ஞாபகப்படுத்த போலீஸ் வருவதும் பெரும்பாலும் இந்த இடிக்குத்தான். திட்டு மட்டும் எல்லாக் கச்சேரிக்காரருக்கும்.

பேஸ் என்றால் என்னவென்று காதால் தெரியாத பிள்ளை அதை ஏன் கற்கப் போகிறது? ஒரு காலத்தில் திருச்சிக்கு மேற்கத்திய வாத்தியம் வந்த வழிகள் இரண்டு: 1928-ல் ரயில்வே பணிமனை வந்த பொன்மலையின் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பு, இன்னொன்று தேவாலயப் பாடகர் குழுக்கள். பாடகர் குழுக்கள் இன்றும் சில பிள்ளைகளின் கையில் பேஸைக் கொடுக்கின்றன. துவாக்குடி என்.ஐ.டி.யில் 1975 முதல் நடக்கும் ஃபெஸ்டம்பர் மாதிரி கல்லூரி விழாக்களிலும் பேஸ் கிட்டார் தென்படும். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஆர்வக்காரர்கள் பேஸ் கலைஞர் மோகினி டேயின் வீடியோவைப் பார்த்து அறைக்குள் வேகம் பழகுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பாடகர் ஒரு வரியை மறந்து அடுத்த சரணத்துக்குத் தாவும்போது கூடவே தாவுவதற்கு வீடியோவில் பாடமில்லை. மணப்பாறை மேடையில், கொசுக்கடியில் வருகிற வித்தை அது.

அதனால் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கல்யாணம் நிச்சயமாகி, குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது எத்தனை பாடகர், எத்தனை லைட் என்று கேட்பீர்கள் அல்லவா? கூடவே, "பேஸ் கிட்டார் ஆள் வருவாரா?" என்றும் கேளுங்கள். தனியாகக் கொஞ்சம் ஆகும் என்று சொன்னால், பன்னீர் தெளிக்கும் பொம்மையைக் குறைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள்.