வாத்து சுட்ட துப்பாக்கி

தொண்ணூறுகளில் டிவி கேம் வாங்கிய வீட்டில் முதல் வேலை, டிவிக்குப் பின்னால் போய் ஆன்டெனா வயரைக் கழற்றுவதுதான். பிறகு சேனலைத் திருகித் திருகி, புள்ளிகளுக்கு நடுவே மரியோ தெரிகிற வரை யாருக்கும் சாப்பாடு இறங்காது. அந்தப் பெட்டிகளில் பல, 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். கேசட் மேல் ஆயிரக்கணக்கான கேம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே விரல் விட்டு எண்ணிவிடலாம்; மற்றதெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயர். அந்தப் பொய்க்காக எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதிசயம், கூடவே வந்த துப்பாக்கி! டக் ஹன்ட் ஆட்டத்தில் பறக்கும் வாத்தைக் குறிவைத்துச் சுட்டோமே, அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போகவில்லை. விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுத்துவிடும். அடுத்த கணம், வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். முதலில் இருட்டு, அப்புறம்தான் வெளிச்சம் என்ற வரிசை இருப்பதால், டியூப்லைட்டைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது.

பரணில் அந்தத் துப்பாக்கி இன்னும் கிடக்கிறதா? இன்றைய எல்.இ.டி. டிவியில் அது வேலைக்காகாது. புது டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும். துப்பாக்கியோ பழைய பிக்சர் டியூபின் வேகத்துக்குப் பழகியது.