அக்காவின் நோட்டு

டீ ஆறுவதற்குள் ஒரு படத்தைப் பார்த்துவிடலாம். 1763-ல் பாரிஸில் கார்மொன்தெல் வரைந்தது. ஹார்ப்சிகார்டு முன்னால், நாற்காலியில் கால் தொங்க, ஏழு வயது மோட்சார்ட். பின்னால் வயலினோடு அப்பா லியோபோல்ட். வாத்தியத்துக்கு அந்தப் பக்கம் இசைத்தாளோடு நிற்கும் சிறுமியைப் பார்த்தால் நம்மூர்க் கச்சேரியில் சுருதிப்பெட்டி போட உட்கார்ந்த பெண் மாதிரித் தெரியும். அவள்தான் அக்கா மரியா அன்னா, வீட்டில் நானெர்ல். வயது 12.

அவளும் அதே வாத்தியம் வாசிப்பவள். ஐரோப்பாவிலேயே தேர்ந்தவர்களில் ஒருத்தி என்று மறு வருடம் லண்டனிலிருந்து லியோபோல்டே கடிதம் எழுதினார். ஆனால் அச்சுப் போட்டு விற்றது இந்தப் படத்தை. ஏழு வயதுதான் கூட்டம் சேர்க்கும் என்பது அவருக்குத் தெரியும். வியாபாரம் தெரிந்த மனிதர்.

1759-ல் அவளுக்குப் பாடம் சொல்லித்தர அவர் ஒரு இசை நோட்டு போட்டார். தம்பியும் அதிலேதான் கற்றான். எந்த உருப்படியை எப்போது கற்றான் என்று அப்பா ஓரத்தில் குறித்துவைத்தார். ஐந்து வயதில் அவன் இட்டுக்கட்டிய முதல் உருப்படிகளும் அதே நோட்டில் ஏறின.

1769 டிசம்பரில் அப்பாவும் பிள்ளையும் இத்தாலி கிளம்பினார்கள். அவளும் அம்மாவும் சால்ஸ்பர்கில் தங்கிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண் வாசித்தால் யாரும் அதிசயப்படப் போவதில்லை. பையனுக்கோ அங்கே ஆபரா எழுதும் வாய்ப்பு தேடலாம். இருவர் போனால் செலவும் பாதி. கொடுமைக்கார அப்பா என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டார், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவள் வரவில்லை.

அவள் எழுதிய பாட்டு ஒன்றைப் பார்த்து, இவ்வளவு நன்றாக எழுதுவாயா என்று 1770-ல் தம்பி வியந்து கடிதம் போட்டான். அந்தப் பாட்டு கிடைக்கவில்லை. அவள் எழுதியதாக வேறு எதுவும் மிஞ்சவும் இல்லை. அதனால் 'இன்னொரு மோட்சார்ட் ஆகியிருப்பாள்' என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. அவள் வாசிப்பு பற்றிச் சாட்சி இருக்கிறது, அது போதும்.

33 வயதில், ஐந்து பிள்ளைகளோடு இருந்த ஓர் அதிகாரியைக் கட்டிக்கொண்டு சாங்க்ட் கில்கெனுக்குப் போனாள். அவர் 1801-ல் இறந்ததும் சால்ஸ்பர்குக்கே திரும்பி, 1829-ல் சாகும்வரை அங்கேதான். பியானோ சொல்லிக்கொடுத்தாள்.

தம்பி 1791-ல் போய்விட்டான். அவன் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவருக்குச் சிறுவயதுக் கதைகளைத் தந்தவள் அவள்தான். அந்தப் பாட நோட்டிலிருந்து பிரிந்துபோன, அவன் ஆரம்ப உருப்படிகள் உள்ள தாள்களில் ஒன்று இன்று நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. தாள்கள் போக மிஞ்சிய நோட்டு சால்ஸ்பர்கில்.